அடிக்காத ஓர் அடி

எங்கள் ஆலையின் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அதற்கு 'மேற்கத்திய வாத்தியக் குழுவில் தாளக் கருவிகள்: ஓர் அறிமுகம்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி போன மாதம் என்னைக் கேட்டார்கள். அந்த அறிமுகத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தாயிற்று என்பது அவர்களுக்குத் தெரியாது. விசாரணை அறையில், குற்றம் சாட்டப்பட்டவனாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து கொடுத்தேன். அது மூன்று பிரதிகளில் தட்டச்சாகி, பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தும் வாங்கப்பட்டது. அதைவிடப் பொறுப்பான ஓர் அறிமுகத்தை என்னால் இனி எழுத முடியாது. அதனால், அது எப்படி நேர்ந்தது என்பதையே எழுதுகிறேன்.

எங்களுடையது பெங்களூரில் சுவிட்சுகளும் மின்பலகைகளும் செய்த ஓர் அரசாங்க ஆலை. நான் அங்கே பிட்டர், பாகங்களை அளந்து பொருத்துகிறவன். ஆலைக்கென்று இருபத்திரண்டு பேர் கொண்ட மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்றும் இருந்தது. மாலைச் சங்கு ஊதியதும் டர்னர் வயலினை எடுப்பார், பெயின்டர் கிளாரினெட்டை எடுப்பார், வெல்டர் டிரம்பெட் ஊதுவார். இது உற்பத்தியை எப்படிப் பெருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. உற்பத்தியைப் பற்றியே அப்போது யாரும் அதிகம் கேட்பதில்லை.

குழுவை நடத்தியவர் பாக்கியநாதன் மாஸ்டர். லிங்கராஜபுரத்துக்காரர், ராணுவ பேண்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தாளப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது நாற்பது பேர் போனோம். பலரும் வீட்டில் தட்டு, டப்பா எல்லாவற்றிலும் பழகிக்கொண்டு வந்திருந்தார்கள். மாஸ்டர் யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை. கையை நாலு தடவை அசைத்து வேகத்தைக் காட்டினார்.

"இதே வேகத்துல மனசுக்குள்ள எண்ணு மேன். ஐம்பத்தேழு வந்ததும் மேசையில ஒரு தட்டு. அவ்ளோதான்."

எண்ணும்போது அவர் வேண்டுமென்றே இருமினார். சாவிக்கொத்தைக் கீழே போட்டார். வாசலில் நின்றவரிடம் மணி கேட்டார். முப்பத்தெட்டுப் பேர் எங்கெங்கோ தட்டினார்கள். ஒருவர் தட்டவே இல்லை. இன்னும் எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் ஒக்கலிபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணி வளர்ந்தவன். நடுவில் அம்மா முதுகில் ஒன்று வைத்தாலும் எனக்கு எண்ணிக்கை தவறாது. ஐம்பத்தேழில் தட்டினேன்.

"டிரம் வாசிக்கத் தெரியுமா?" என்றார் மாஸ்டர்.

"தெரியாது சார்."

"நல்லது. தப்பா எதுவும் கத்துக்கல."

கற்றுக்கொண்ட இரண்டு வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய டிரம்மை நட்டநடுவில் அடிக்கக் கூடாது. நடுவில் அடித்தால் சத்தம் உள்ளேயே செத்துவிடும், கொஞ்சம் தள்ளி அடிக்க வேண்டும். அடித்த பிறகு எப்போது உள்ளங்கையை வைத்து அதை நிறுத்த வேண்டும் என்பது அடிப்பதைவிடப் பெரிய வேலை. சிம்பல் என்னும் இரண்டு பித்தளைத் தட்டுகளையும் நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று அடைபட்டு 'டப்' என்று ஒரு சப்தம்தான் வரும். ஒன்றை ஒன்றின்மேல் வழுக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் டிரம் தோல் தொய்ந்துபோகும். கச்சேரிக்கு அரை மணி முன்பு அறுபது வாட் பல்பு பக்கத்தில் வைத்துச் சூடு காட்ட வேண்டும். இவ்வளவுதான். மற்றதெல்லாம் எண்ணுவது. வயலின்காரர் எட்டுப் பேர். ஒருவர் தவறாக இழுத்தால் மற்ற ஏழு பேரும் சேர்ந்து மறைத்துவிடுவார்கள். சிம்பல்காரன் தவறாக அடித்தால் மறைக்க ஆளில்லை. கடைசி வரிசையில் தூங்குகிறவர்கூட எழுந்து யார் என்று பார்ப்பார்.

மாஸ்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால் கையை இறக்குவார், கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் துடைப்பார். சின்னத் தப்புக்கு ஒரு பக்கக் கண்ணாடி மட்டும், பெரிய தப்புக்கு இரண்டு பக்கமும். ஒருமுறை நான் சிம்பலை ஒரு சுற்று, அதாவது நாலு எண்ணிக்கை, முன்னால் அடித்தபோது கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு, கைக்குட்டையையும் நாலாக மடித்து வைத்தார்.

நாடு கதவைத் திறந்துவிட்ட அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் ஆலையின் பெயர் மூடப்போகும் ஆலைகளின் பட்டியலில் இருப்பதாகப் பேச்சு வந்தது. ஓர் அயல்நாட்டுக் கம்பெனி கூட்டுச் சேர்ந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் மூவாயிரம் குடும்பம் நடுத்தெருவில். அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதாக முடிவானதும், அவர்கள் நாட்டுத் தேசிய கீதத்தை நம் குழு வாசிக்க வேண்டும் என்று ஜெனரல் மேனேஜர் ஆசைப்பட்டார். இயந்திரங்களை எண்ணெய் போட்டுத் துடைக்கலாம் என்று யாரோ சொன்ன யோசனை இரண்டாம் இடத்துக்குப் போனது.

வரவேற்புக்குப் பொறுப்பாளர் பணியாளர் துறை மேனேஜர் சேஷகிரி. கெட்டவர் அல்ல. காகிதத்தில் உள்ளது எல்லாம் உண்மை, காகிதத்தில் இல்லாதது எதுவும் நடக்கவில்லை என்று நம்பியவர், அவ்வளவுதான். கீதத்தின் இசைத்தாள் ஃபேக்ஸில் வந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெனரல் மேனேஜரின் சுருக்கொப்பம் வாங்கி, மாஸ்டரிடம் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் எழுதுவது மாஸ்டரின் வேலை. என் டிரம் தாளையும் அவரே கையால் எழுதித் தந்தார்.

இரண்டு நாள் கழித்து ஒத்திகை அறைக்கு சேஷகிரி வந்தார். கையில் ஸ்கேல். ஜெராக்ஸையும் மாஸ்டர் எழுதிய தாள்களையும் வரிவரியாக ஒப்பிட்டிருக்கிறார்.

"மாஸ்டர், இருபத்திரண்டாவது கட்டத்துல டிரம் லைன்ல ஒரு புள்ளி இருக்கு. மாணிக்கம் பேப்பர்ல இல்லியே?" என்று என் தாளை நீட்டினார்.

இசைத்தாளில் ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம். கீதம் முடியப்போகும் இடம் அது. கடைசி வரிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் ஒரு சுற்று சும்மா இருக்கும். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். அந்த மௌனத்தின் நடுவில், டிரம்முக்கான கோட்டின் மேல், மிளகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி.

"அது அழுக்கு சார்," என்றார் மாஸ்டர். "கறுப்பு நோட்டுன்னா ஒரு காம்பு இருக்கணும். காம்பில்லாத கறுப்பு நோட்டு உலகத்துலயே கிடையாது."

"ஜி.எம். அப்ரூவ் பண்ண காப்பி. அதுல இருக்கிறதை எடுக்க உங்களுக்கு பவர் இருக்கா?"

"ஒரிஜினல் ஃபேக்ஸைக் காட்டுங்க, பார்த்துரலாம்."

"அது கான்ஃபிடென்ஷியல் ஃபைல்ல போயாச்சு. வெளியே எடுக்கக் கூடாது."

மாஸ்டர் விடவில்லை. அந்தக் கம்பெனிக்கே எழுதிக் கேட்கச் சொன்னார். சேஷகிரியும் கேட்டார், அவர் வேலையில் குறை வைக்கிறவர் அல்ல. 'அனுப்பிய தாளில் உள்ளபடியே வாசிக்கவும், மிக்க நன்றி' என்று பதில் வந்தது. சேஷகிரி அதை வெற்றியோடு காட்டிவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து, என் தாளில் இருபத்திரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். எனக்குத் தெரிந்து ஒரு மேனேஜரின் கையெழுத்தோடு வாசிக்கப்பட வேண்டியிருந்த டிரம் அடி அது ஒன்றுதான்.

அவர் போன பிறகு மாஸ்டர் சிவப்புப் புள்ளி வைத்த தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சார் பண்றது?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மேன். நாளைக்கு உன்னைத்தான் கேப்பாங்க. ஆனா அந்த எடத்துல என் கை அசையாது. பேப்பரையும் பாரு, என் கையையும் பாரு."

அன்று இரவு வீட்டில் சொன்னேன். என் மனைவி சரோஜா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு அடிதானே, அடிச்சிட்டு வாங்களேன். வேலை முக்கியமா, புள்ளி முக்கியமா?" என்றாள். எனக்கும் அடித்துவிட்டு வரலாம் என்றுதான் பட்டது.

விருந்தினர் ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் கோட்டு போட்ட இளைஞர்கள். ஆறாவது ஆள் தலை நரைத்த பெரியவர். அவர்தான் முதலாளி என்றார்கள். நம் கீதம் முடிந்து அவர்கள் கீதம் தொடங்கியதும் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. மெதுவாகப் பாடுகிறார் என்று தெரிந்தது. மேடைத் திரைக்குப் பக்கத்தில் சேஷகிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபதாவது கட்டத்தில் எனக்குத் தலையை ஆட்டி ஞாபகப்படுத்தினார். இருபத்தொன்று. கோலை உயர்த்தினேன். இருபத்திரண்டு. எல்லாம் அடங்கியது. மாஸ்டரின் கை காற்றில் அப்படியே நின்றது.

அந்த அமைதியில் பெரியவர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. கடைசி வரிக்காக நிறைய மூச்சு வாங்கினார். அந்த மூச்சின் மேல் எப்படி அடிப்பது? கோலை இறக்கவில்லை. இடது உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்தேன், டிரம் தானாகக்கூட முனகிவிடக் கூடாது என்று. அடுத்த சுற்றில் மாஸ்டரின் கை இறங்கியது, எல்லோரும் கடைசி வரிக்குள் போனோம். வியர்வை என் கண்ணுக்குள் வழிந்தது.

முடிந்ததும் பெரியவர் நேரே மேடைக்கு வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொன்னார். கூட வந்தவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்: வெளியூர்களில் வாசிக்கும்போது அந்த இடத்தில் எல்லோரும் அவசரப்படுவார்களாம், நீங்கள் அவசரப்படவில்லையாம். சேஷகிரி அதை ஜெனரல் மேனேஜரிடம் "அரேஞ்ச்மென்ட் பிடிச்சிருக்காம் சார்" என்று தெரிவித்தார். மறுநாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பட்டியலிலிருந்து ஆலையின் பெயர் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் எனக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. எழுத்துமூலமான உத்தரவு இருந்தும், வெளிநாட்டு விருந்தினர் முன்னிலையில், டிரம்மை ஒருமுறை அடிக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே அடிக்காமல் விட்டது. நான் சேஷகிரியின் அறைக்குப் போய், "அவங்களே பாராட்டினாங்களே சார்" என்றேன். "பாராட்டு ஃபைல்ல இல்லியே மாணிக்கம். என் கையெழுத்து இருக்கு" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, காயம்தான் இருந்தது.

விசாரணை தொடங்க நாலு மாதம் ஆனது. விசாரணை அதிகாரியாகக் கிடங்குத் துறை நஞ்சுண்டய்யாவைப் போட்டார்கள். முப்பது வருஷமாக போல்ட்டும் நட்டும் எண்ணியவர். எனக்குத் துணையாகப் பேச ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. மாஸ்டர் வந்தார். ஆலைக்காகக் குற்றத்தை எடுத்து வைத்தவர் சேஷகிரி.

"நோடப்பா, எனக்கு மியூசிக் கொத்தில்லா," என்று, தனக்கு இசை தெரியாது என்பதைக் கன்னடம் கலந்த தமிழில் சொல்லி ஆரம்பித்தார் நஞ்சுண்டய்யா. "மொதல்ல இந்த ஐட்டம் எல்லாம் என்னென்னன்னு ஒண்ணொண்ணா சொல்லு. ஸ்டெனோ, எழுதிக்கோம்மா."

சொன்னேன். பெரிய டிரம், அடிப்பது. சின்ன டிரம், அடியில் கம்பிச்சுருள் கட்டியது, அதனால்தான் அந்த 'சர்' என்ற சத்தம். சிம்பல், மோதுவது. டிரையாங்கிள், முக்கோணமாக வளைத்த எஃகுக் கம்பி.

"கம்பின்னா? அது வாத்தியமா, ஸ்பேர் பார்ட்டா?"

"வாத்தியம் சார்."

"ஒரு மூலை சேராம இருக்கே. டேமேஜா?"

"அப்படித்தான் சார் இருக்கணும். மூணு மூலையும் சேர்ந்துட்டா சத்தம் வராது."

அவர் அதை ரசித்தார். இரண்டு தடவை எழுதச் சொன்னார். அடுத்து டிம்பனிக்கு வந்தோம். செம்புக் குடத்தின் வாயில் தோல் கட்டி, திருகுகளால் சுருதி சேர்க்கும் ஜோடி டிரம் என்றேன்.

"நம்ம லெட்ஜர்ல 'செம்புப் பாத்திரம், தோல் மூடியுடன், இரண்டு'ன்னு இருக்கு. சமையலுக்கு இல்லியா?"

"இல்ல சார்."

அவர் முகம் வாடிவிட்டது. கேன்டீன்காரர்கள் அதை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

"ஆய்த்து, அது போகட்டும். வயலினெல்லாம் பாட்டு வாசிக்குது. இந்த ஐட்டங்களுக்கு என்ன வேலை?"

"பெரும்பாலும் எண்ணிக்கிட்டு நிக்கிறது சார். மத்தவங்க வாசிக்கிறதுக்கு எங்க எடை வேணுமோ அங்க மட்டும் வைக்கிறது."

சேஷகிரி துள்ளினார். "நோட் பண்ணுங்க சார்! டியூட்டி நேரத்துல பெரும்பாலும் நிக்கிறதா அவனே ஒத்துக்கிறான்."

"சும்மா நிக்கல சார்," என்றார் மாஸ்டர். "மௌனத்துக்கும் பேப்பர்ல குறி இருக்கு. அந்த ரெஸ்ட்டை வாசிக்கிறான்."

"ரெஸ்ட்டை எப்படி வாசிக்க முடியும்?"

மாஸ்டர் எழுந்து போய்ப் பெரிய டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். கீதத்தின் கடைசிப் பகுதியை வாயால் பாடினார். குரல் நல்ல குரல். அறை அமைதியாயிற்று. இருபத்திரண்டாவது கட்டத்தில் நிறுத்தி, முழுப் பலத்தோடு ஓர் அடி அடித்தார். ஸ்டெனோவின் பென்சில் முறிந்தது. நஞ்சுண்டய்யாவின் தேநீர் சேஷகிரியின் கோப்பின் மேல் கவிழ்ந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து பாய்லர் வெடித்துவிட்டதா என்று கேட்டார்.

"இது புள்ளியோட," என்றார் மாஸ்டர். பிறகு மறுபடி பாடினார், இந்த முறை அடிக்காமல். "இது புள்ளியில்லாம."

"எரடாவதே சென்னாகிதே," என்றார் நஞ்சுண்டய்யா, சட்டையைத் துடைத்துக்கொண்டு. இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறதாம். சேஷகிரி, அழகு விசாரணையின் வரம்பில் வராது என்றார். அது நியாயம்தான். அதனால் மூலப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

கோப்பு வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஃபேக்ஸ் தாளை எடுத்தார்கள். வெள்ளை வெளேர் என்று இருந்தது. அந்தக் காலத்து ஃபேக்ஸ் காகிதம் சூட்டிலும் பிளாஸ்டிக்கிலும் இருந்தால் எழுத்தெல்லாம் மங்கிவிடும். நஞ்சுண்டய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரிஜினல் பிரகாரம் யாருமே எதுவும் வாசிச்சிருக்கக் கூடாதே?" என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நான் இசைக்காரன் பாதி, பிட்டர் முழுசு. குற்றப்பத்திரிகையை வீட்டில் எத்தனையோ முறை படித்திருந்தேன். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. முற்றுப்புள்ளிக்கு அங்கே வேலையில்லை. அதற்கு முந்தின நாள்தான் இரும்பு ஸ்கேலை வைத்து, அது தாளின் ஓரங்களிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்திருந்தேன்.

"சார், அந்த மியூசிக் ஜெராக்ஸையும் இந்தப் பேப்பரையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஜன்னல்ல பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். இசைத்தாளின் புள்ளியும் குற்றப்பத்திரிகையின் புள்ளியும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக உட்கார்ந்தன. ஸ்டெனோ தன் மேசையிலிருந்து கேன்டீன் சுற்றறிக்கையை நீட்டினாள். அதிலும் அதே இடத்தில் புள்ளி. ஆலையில் அந்த வருஷம் ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருந்தது. மிஷினின் கண்ணாடியில் அழுக்கு.

யாரும் சிரிக்கவில்லை. சேஷகிரி தன் மேசை வரை போய், தன் சொந்தப் பதவி உயர்வு உத்தரவின் நகலை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக உள்ளே வைத்துப் பூட்டினார்.

நான் குற்றமற்றவன் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் ஒரு கோப்பு அப்படிச் சுலபமாகச் சாகாது. தொழிலாளி தன் மாஸ்டரின் அசையாத கைக்குக் கீழ்ப்படிந்தான் என்று அறிக்கையில் இருந்தது. அப்படியென்றால் அந்தக் கையை அசைக்காமல் வைக்க மாஸ்டருக்கு அனுமதி கொடுத்தது யார் என்று மேலிடம் கேட்டது. மாஸ்டருக்கு ஓய்வு பெற மூன்று வாரம்தான் பாக்கி. விளக்கம் வரும்வரை அவருடைய பிரிவுபசார விழா தள்ளிவைக்கப்படுகிறது என்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள், அந்தச் சுற்றறிக்கையில் புள்ளி இல்லை.

விளக்கம் வரவில்லை. கடைசி நாள் மாஸ்டர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, எல்லா நாளும் போகிற மாதிரி கேட்டைத் தாண்டிப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னைக் காப்பாற்ற வந்ததற்கு இதுவா என்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருபத்தொரு பேரும் அவர் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தோம். டிம்பனியை வெளியே எடுக்க கேட் பாஸ் வேண்டும். நஞ்சுண்டய்யாவிடம் போனேன். அவர் எதுவும் கேட்காமல் எழுதினார்: செம்புப் பாத்திரம், இரண்டு. நோக்கம், சமையல். தலையை நிமிர்த்தாமல், "என் வணக்கத்தையும் சொல்லு" என்றார்.

லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டு முன்னால் லக்கேஜ் ஆட்டோவை நிறுத்தி எல்லாவற்றையும் இறக்கினோம். மாஸ்டர் லுங்கியோடு வெளியே வந்தார். பார்த்தார். நாங்கள் ஓர் அணிவகுப்பு இசையைத் தொடங்கினோம். ஸ்கூட்டர்கள் நின்றன. பஸ் ஒன்று நின்றது. ஜன்னல்களிலெல்லாம் தலைகள். அவர் முன்னால் வந்து கையைத் தூக்குவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சுற்றிக்கொண்டு பின்வரிசைக்கு வந்து, என் பக்கத்தில் நின்று, பெட்டியிலிருந்த டிரையாங்கிளை எடுத்துக்கொண்டார்.

"இதை நான் வாசிக்கிறேன் மேன். எத்தனை ரெஸ்ட்?"

"முப்பத்திரண்டு சார். முப்பத்து மூணுல ஒரு அடி."

விரல் கணுக்களில் எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. நெற்றியில் வியர்த்தது. இருபது வருஷமாக மற்றவர்களை எண்ண வைத்தவர். தானே கடைசி வரிசையில் நின்று எண்ணியது அன்றுதான். முப்பதைத் தாண்டும்போது பஸ்காரர் ஹாரன் அடித்தார். மாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்து, அவசரமாகக் கம்பியை அடித்தார்.

முப்பத்தொன்று. இரண்டு சுற்று முன்னால்.

வயலின்கள் ஒரு கணம் தடுமாறிப் பிறகு சமாளித்துக்கொண்டன. மாஸ்டர் கம்பியை என்னிடம் நீட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கஷ்டமான வேலைதான் மேன் இது," என்றார்.

நாங்கள் அன்று ஒரு மணி நேரம் வாசித்தோம். மற்ற எல்லாமே சரியாக வந்தது. ஆனால் தப்பாக விழுந்த அந்த ஒரு 'டிங்'குக்குத்தான் தெருவே கை தட்டியது.